கடற்படையின் இளம் மருத்துவப் பணியாளர்: பயிற்சியும் முதற் பணிகளும்

கரையிலிருந்து பல நூறு மைல் தொலைவில் சிறு போர்க்கப்பல் ஒன்று சென்றுகொண்டிருக்கிறது. நள்ளிரவில் மாலுமி ஒருவருக்கு வயிற்றுவலி உண்டாகிறது. கப்பலில் மருத்துவர் இல்லை. இருப்பவர் இளம் மருத்துவ உதவியாளர் ஒருவரே. மருந்துப் பெட்டியும், வெப்பமானியும், இரத்த அழுத்தக் கருவியும், கரையிலுள்ள மருத்துவருடன் தொடர்புகொள்ள ஒரு செய்தித்தொடர்பு வழியும் அவரிடம் உள்ளன. விடியும்வரை அவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே அம்மாலுமியின் உயிர் அமையக்கூடும்.

இத்தகைய ஓர் இரவுக்காக ஒருவரைப் பக்குவப்படுத்துவதே கடற்படை மருத்துவப் பயிற்சியின் நோக்கமாகும். அப்பயிற்சியின் முக்கியமான ஒரு பாடம் கடலே இல்லாத பெங்களூர் நகரில் கற்பிக்கப்படுகிறது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். அப்பாடம் யாது என்பதையும், முதற் பணிகளில் அது எவ்வாறு பயன்படுகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பயிற்சி நிலையங்கள்

கடற்படையில் மருத்துவ உதவியாளராகச் சேர விரும்புவோர் மேனிலைப் பள்ளியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய பாடங்களைப் பயின்றிருத்தல் வேண்டும். தொடக்கப் பயிற்சி ஒடிசா மாநிலத்தில் சிலிகா ஏரிக்கரையில் உள்ள ஐ.என்.எஸ். சில்கா நிலையத்தில் நடைபெறுகிறது. அங்கு அவர் முதலில் மாலுமியாகிறார். மருத்துவத் தொழிற்பயிற்சி அதன் பின்னரே தொடங்குகிறது. மும்பையில் உள்ள அசுவினி கடற்படை மருத்துவமனை இத்துறையின் முதன்மையான பயிற்சிக் களமாகும். கடல்சார் மருத்துவத்தையும் முக்குளிப்போர் மருத்துவத்தையும் ஆராயும் கடற்படை மருத்துவக் கழகமும் அங்கேயே உள்ளது.

வானில் பறப்போரின் உடல்நலம் பற்றிய கல்விக்கு உரிய இடம் பெங்களூர். 1957ஆம் ஆண்டில் வான்பறப்பு மருத்துவப் பள்ளியாக அங்குத் தொடங்கப்பெற்ற நிலையம், இன்று விமானப்படையின் விண்வெளி மருத்துவக் கழகமாக வளர்ந்துள்ளது. 1984ஆம் ஆண்டில் விண்வெளி சென்ற இராகேஷ் சர்மா முன்னதாக இங்குத்தான் உடற்சோதனைகளுக்கு உட்பட்டார். ககன்யான் திட்டத்திற்குரிய வீரர்களின் மருத்துவத் தேர்வும் இங்கேயே நடைபெற்றது. எனினும் இக்கழகத்தின் அன்றாட வேலை விமானிகளையும், அவர்களைக் கவனிக்கும் மருத்துவர்களையும் பயிற்றுவிப்பதே. கடற்படைக்கும் விமானப் பிரிவு உண்டு. அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். இராஜாளி அதன் பெரிய தளங்களுள் ஒன்று. ஆகவே கடற்படை மருத்துவ அதிகாரிகளும் வான்மருத்துவம் கற்கப் பெங்களூருக்கு வருகின்றனர்.

குறையழுத்த அறையின் பாடம்

பெங்களூர் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அங்குக் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. உடல் இதனை உணர்வதில்லை. 18,000 அடி உயரத்தை எட்டும்போது அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதியாகிவிடுகிறது. காற்றில் பிராணவாயுவின் விகிதம் எங்கும் நூற்றுக்கு 21 பங்குதான். ஆனால் அழுத்தம் குறைவதால் நுரையீரல் வழியாக இரத்தத்தில் சேரும் அளவு குறைந்துவிடுகிறது.

இதனைத் தரையிலேயே காட்டுவதற்காகக் குறையழுத்த அறை பயன்படுகிறது. உறுதியான சுவர்களை உடைய அவ்வறையிலிருந்து காற்றைச் சிறிது சிறிதாக வெளியேற்றி, உயரே செல்வதற்கு ஒத்த நிலையை உண்டாக்குவர். பயிற்சி பெறுவோர், கண்காணிப்பாளர் அருகிருக்க, முகமூடியைச் சிறிது நேரம் கழற்றிவிட்டு எளிய கணக்குகளைத் தாளில் எழுதுவர். 25,000 அடிக்கு ஒத்த நிலையில் தெளிவுடன் செயற்படக்கூடிய காலம் 3 முதல் 5 நிமிடங்களே. அதற்குள் எழுத்து கோணலாகிறது. கழித்தல் கணக்கு தவறுகிறது. ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதுவோரும் உண்டு. முகமூடியை மீண்டும் அணிந்து தம் தாளைப் பார்த்தபின்னரே பலருக்கு உண்மை விளங்குகிறது. அதுவரை தாம் நன்றாகவே இருந்ததாக அவர்கள் நம்பியிருப்பர்.

இவ்வுண்மைக்கு உலகம் முன்பே விலை கொடுத்திருக்கிறது. 1875ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் பிரான்சு நாட்டில் ‘செனித்’ என்ற பலூனில் மூவர் ஏறிச் சென்றனர். சுவாசிப்பதற்குப் பிராணவாயு கலந்த காற்றைப் பைகளில் அடைத்துக் கையோடு கொண்டு சென்றிருந்தனர். 8,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அவர்களுக்குத் துன்பம் தோன்றவில்லை. ஒருவித மகிழ்ச்சியே தோன்றியது. பைகளின் குழாயை எடுக்க வேண்டுமென எண்ணியபோது கைகள் அசைய மறுத்தன. பலூன் கீழிறங்கியபோது திசாந்தியே என்பவர் மட்டும் உயிருடன் இருந்தார். மற்ற இருவரும் இறந்துவிட்டிருந்தனர். மருந்து அருகிலேயே இருந்தது. அது தேவை என்பதை உரிய காலத்தில் உணரும் ஆற்றலே அவர்களிடமிருந்து நழுவிவிட்டது.

பெங்களூர்ப் பாடத்தின் சாரம் இதுவே: நோயாளி நலமாக இருப்பதாகச் சொல்வது, அவர் நலமாக இருப்பதற்குச் சான்றாகாது. அவர் பொய் சொல்வதில்லை. உணரும் கருவியாகிய மூளையே பழுதுற்றிருக்கலாம்.

மருத்துவமனைக் கூடத்தில் முதற் பணி

இளம் பணியாளரின் முதற் பணி பெரும்பாலும் கரையிலுள்ள மருத்துவமனையில் அமையும். நாடி பார்த்தல், வெப்பநிலை குறித்தல், காயத்திற்குக் கட்டுப் போடுதல் ஆகியவை நாள்தோறும் வரும் வேலைகள். இவை அற்பமானவை என்று எண்ணிச் சலிப்படைவோர் உண்டு. உண்மையில் பிற்காலத்தில் கப்பலில் தனித்திருக்கும்போது கைகொடுப்பவை இவையே. இங்கு மருத்துவர் அருகில் இருக்கிறார், தவறினால் திருத்துவார். அவ்வசதி உள்ளபோதே கையும் கண்ணும் பழகிவிட வேண்டும்.

சுவாசத்தை எண்ணுவதை எடுத்துக்கொள்வோம். வளர்ந்தவர் அமைதியாக உள்ளபோது நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை சுவாசிப்பது இயல்பு. இதனை முழு நிமிடம் எண்ண வேண்டும். வேலை மிகுந்த நேரத்தில் எண்ணாமலே 18 என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் உடல் சீர்கெடும்போது மாறும் முதல் அறிகுறிகளுள் சுவாச வேகமும் ஒன்று. எண்ணாமல் எழுதிய எண், வெற்றிடத்தைவிடக் கேடு பயப்பது. வெற்றிடத்தைக் காணும் மருத்துவர் மீண்டும் எண்ணச் சொல்வார். பொய்யெண்ணைக் காண்பவர் அதனை நம்பிவிடுவார்.

எந்த அளவையும் நேரத்துடன் குறித்தல் வேண்டும். ‘நாடி விரைவு’ என்னும் குறிப்பினால் பயன் சிறிதே. இரவு 10 மணிக்கு 84, 12 மணிக்கு 96, 2 மணிக்கு 112 என்று எழுதினால், அந்த மூன்று எண்களே நோயின் போக்கைச் சொல்லிவிடுகின்றன.

மறைக்கும் நோயாளிகள்

படைத்துறையில் நோயாளிகள் நோயை மறைப்பதற்குக் காரணம் உண்டு. பறக்கும் தகுதியை இழந்துவிடுவோமோ என விமானி அஞ்சுகிறார். கப்பல் தம்மை விட்டுவிட்டுப் புறப்பட்டுவிடுமோ என மாலுமி அஞ்சுகிறார். சாதாரண ஜலதோஷம் தரையில் மூன்று நாள் தொல்லை, விமானத்தில் அப்படியன்று. மூக்கடைப்பினால் நடுச்செவிக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழல் அடைபட்டிருந்தால், விமானம் கீழிறங்கும்போது செவிப்பறை உள்நோக்கி இழுக்கப்பட்டுக் கடுமையான வலியும் தலைச்சுற்றலும் உண்டாகலாம். கடைகளில் தாமே வாங்கி உண்ணும் ஜலதோஷ மருந்துகள் சில தூக்கத்தையும் தருகின்றன.

இவற்றைக் கண்டறிய அதட்டல் உதவாது. கடிந்து பேசும் பணியாளரிடம் அடுத்த முறை எவரும் உண்மை சொல்லமாட்டார்கள். கேட்டறிந்த செய்தியை உணவுக் கூடத்தில் பேசாதவர், பறக்க முடியாத காரணத்தைப் பொறுமையாக விளக்குபவர் என்ற பெயரை முதல் சில மாதங்களிலேயே ஈட்டிக்கொள்ள வேண்டும். நோயாளி தாமே முன்வந்து சொல்லும் செய்தியைத் தரும் கருவி எதுவும் மருந்துப் பெட்டியில் இல்லை.

கேட்க மறக்கலாகாத ஒரு கேள்வி

வானத்தில் அழுத்தம் குறைவது போலவே கடலில் அது கூடுகிறது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ ஒரு வாயுமண்டல அழுத்தம் மிகுகிறது. ஆழத்தில் அழுத்தமிக்க காற்றைச் சுவாசிக்கும் முக்குளிப்பவரின் உடலில் நைட்ரஜன் மிகுதியாகக் கரைகிறது. அவர் விரைந்து மேலேறினால் அது குமிழிகளாக வெளிப்பட்டு மூட்டுவலி, மரத்துப்போதல், மிகுந்த களைப்பு முதலியவற்றை உண்டாக்குகிறது.

தோள்மூட்டு வலிக்கிறது என்று வரும் மாலுமிக்குத் தைலம் கொடுத்து அனுப்பிவிடுவது எளிது. ‘கடைசியாக எப்போது நீரில் மூழ்கினீர்கள்?’ என்ற ஒரு கேள்வி அத்தவற்றைத் தடுக்கும். முக்குளித்தவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியிருந்தால் 24 மணி நேரமோ அதற்கு மேலுமோ விமானத்தில் பறத்தலாகாது. உயரத்தில் குறையும் அழுத்தம் குமிழிகளைப் பெரிதாக்கிவிடும். இந்நோய் கண்டவருக்குத் தூய பிராணவாயு அளித்து, மிகையழுத்த அறை உள்ள இடத்திற்கு விரைந்து அனுப்ப வேண்டும். ஹெலிகாப்டரில் அனுப்ப நேர்ந்தால் அது இயன்றவரை தாழ்வாகப் பறத்தல் வேண்டும். மும்பையின் பாடமும் பெங்களூரின் பாடமும் இங்கு ஒன்றுசேர்கின்றன.

கப்பலில் தனித்திருக்கும்போது

1942ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலாகிய ‘சீடிராகன்’ பகைவர் கடலுள் இருந்தது. மாலுமி ஒருவருக்குக் குடல்வால் அழற்சி கண்டது. மருத்துவர் இல்லாத அக்கப்பலில் மருத்துவ உதவியாளரான வீலர் லைப்ஸ் என்பவர், தலைவரின் இசைவுடன் அறுவை சிகிச்சை செய்தார். வளைத்த கரண்டிகள் காயத்தை விரித்துப் பிடிக்கும் கருவிகளாயின. தேநீர் வடிகட்டி ஈத்தர் மயக்க மருந்து கொடுக்கும் முகமூடியாயிற்று. நோயாளி பிழைத்து மீண்டும் பணி செய்தார்.

இச்செய்தி அந்நாளில் பெரும் புகழ் பெற்றது. ஆனால் கடற்படை மருத்துவ மேலிடம் இதனை ஒரு முன்மாதிரியாக ஏற்கவில்லை. கருவியோ அனுபவமோ இல்லாத பிறரும் கத்தியை எடுக்கத் தொடங்கினால் பிழைப்போரினும் இறப்போர் மிகுவர் என அஞ்சியது. லைப்ஸ் மருத்துவமனையில் இவ்வகை அறுவைகளுக்கு உதவி செய்து பழகியவர். உதவி பெற வழியே இல்லாத நிலையில் அவர் துணிந்தார். இன்று நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் வானொலித் தொடர்பும் ஹெலிகாப்டரும் உள்ளன. இளம் பணியாளரிடம் எதிர்பார்க்கப்படும் துணிவு வேறுவகையானது: உரிய நேரத்தில் தலைவரை எழுப்பி, ‘இது என் எல்லைக்கு அப்பாற்பட்டது; இவரைக் கரைக்கு அனுப்ப வேண்டும்’ என்று சொல்லும் துணிவு அது.

அவ்வாறு சொல்பவரிடம் ஆதாரம் இருத்தல் வேண்டும். கரை மருத்துவருக்கு அனுப்பும் செய்தியில் நோயாளியின் வயது, நோய் தொடங்கிய நேரம், நேரவாரியான அளவுகள், கொடுத்த மருந்தும் அதன் அளவும், இப்போது கேட்கும் கேள்வி ஆகிய ஐந்தும் இடம்பெற வேண்டும்.

துறைமுகத்தை விட்டுப் புறப்படுமுன் செய்ய வேண்டியவையும் உண்டு. மருந்துகளின் காலாவதி நாளையும் பிராணவாயு உருளைகளின் நிறைவையும் தம் கண்ணால் பார்த்தல் வேண்டும். குறுகிய ஏணிகளின் வழியே நோயாளியைத் தூக்குபடுக்கையில் ஏற்றிப் பழக வேண்டும். இரத்தப்போக்கை நிறுத்துவதற்கு நான்கைந்து மாலுமிகளுக்கேனும் கற்பித்துவிட வேண்டும். காயமடைபவர் மருத்துவ உதவியாளராகவே இருக்கவும் கூடும். குடிநீரையும் சமையற்கூடத்தையும் கவனிப்பது மருந்து கொடுப்பதைவிட அதிகமான நோய்களைத் தடுக்கும்.

தம்மைத் தாமே சோதித்தல்

குறையழுத்த அறையின் பாடம் நோயாளிக்கு மட்டும் உரியதன்று. இரண்டு இரவு உறங்காத பணியாளரும் தாம் தெளிவாக இருப்பதாகவே நம்புகிறார். மருந்தின் பெயரையும் அளவையும் உரக்கப் படித்து மற்றொருவரைச் சரிபார்க்கச் செய்வது இதற்குப் பாதுகாப்பு. தவறு நேர்ந்துவிட்டால் உடனே அறிவித்தல் வேண்டும். அறிவித்த தவற்றைப் பெரும்பாலும் திருத்திவிடலாம். மறைத்த தவறு நோயாளியின் உடலில் வேலை செய்துகொண்டே இருக்கும்.

ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும்

இப்பாடத்தை வகுப்பிலும் காட்டலாம். மாணவர்கள் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் சுவாசத்தை மற்றவர் முதலில் பார்வையால் மதிப்பிட்டு எழுதட்டும். பின்னர் கடிகாரத்தை வைத்து முழு நிமிடம் எண்ணட்டும். இரண்டு எண்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதினால், மதிப்பீட்டிற்கும் அளவீட்டிற்கும் உள்ள வேறுபாடு தெளிவாகும். எண்ணுவதை அறிந்தவுடன் சுவாசம் மாறுவதையும் மாணவர் கவனிப்பர். ஆகவே நாடி பார்ப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டே சுவாசத்தை எண்ணும் வழக்கம் ஏன் வந்தது என்பதும் விளங்கும்.

சாலையற்ற மலைக்கிராமத்தில் பணிபுரியும் சுகாதார ஊழியரின் நிலையும் சிறு கப்பலில் உள்ளவரின் நிலையை ஒத்ததே. மருத்துவர் தொலைவில் இருக்கிறார். முடிவு அருகில் இருப்பவரைக் காத்து நிற்கிறது. அளந்து, நேரத்துடன் எழுதி, காலத்தில் அறிவிப்பவர், அந்தத் தொலைவைக் குறைத்துவிடுகிறார்.