மஞ்சளும் வேம்பும் முரசு நோயும்

பல் விளக்கும்போது இரத்தம் கசிந்தால் உப்பையும் மஞ்சளையும் குழைத்து முரசில் தேய்த்துவிட்டு, அதோடு மறந்துவிடுவது நம்மிற் பலரது வழக்கம். சில நாட்களில் வீக்கம் வற்றிவிடும். நோயும் போய்விட்டதா என்பதுதான் கேள்வி.

முரசு நோய் எவ்வாறு வளர்கிறது என்பதை உலகம் அறிந்துகொண்டதில் நம்மவருக்கு ஒரு பங்கு உண்டு. நோர்வே நாட்டவரான பல் வைத்திய அறிஞர் ஹரால்ட் லோவும் அவரது குழுவினரும் 1970 தொடக்கம் 1985 வரை இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தனர். அனைவரும் ஆண்கள், தமிழர்கள். தூரிகை பழகாதவர்கள், பல் வைத்தியம் என்பதே எட்டாதவர்கள். எல்லோர் பல்லிலும் ஊத்தையும் கல்லும் படிந்திருந்தன. ஆயினும் 1986இல் வெளியான முடிவு வியப்பானது. நூற்றுக்கு 11 பேருக்கு முரசு சிவந்ததோடு சரி. 81 பேருக்குப் பல்லைத் தாங்கும் பகுதி மெல்ல மெல்ல அழிந்தது. மற்ற 8 பேருக்கோ சராசரியாக 35 வயதில் 12 பற்கள், 40 வயதில் 20 பற்கள், 45 வயதில் வாய் முழுவதும் வெறுமை!

எல்லோர் வாயிலும் ஊத்தை இருந்தும் விளைவு ஏன் மூன்று விதம்? நோயைத் தொடக்கி வைப்பது கிருமி. ஆனால் அழிவின் பெரும்பகுதியைச் செய்வது நமது உடலின் எதிர்ப்பே. கிருமியை எதிர்க்க வெளிவிடப்படும் பொருட்கள் பல்லைப் பற்றியிருக்கும் நாரையும் எலும்பையும் சேர்த்தே கரைக்கின்றன. கள்ளனைத் துரத்தப் போய் வீட்டுச் சுவரை இடித்த கதைதான். இந்த எதிர்ப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு அழிவு இன்னும் கூடும்.

மஞ்சளின் பெருமை இங்கேதான் வருகிறது. அதன் நிறத்துக்குக் காரணமான குர்க்குமின் 1815இலேயே பிரித்தெடுக்கப்பட்டது. உயிரணுவினுள் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளை அது அடக்குவதை ஆய்வுகூடங்களில் கண்டிருக்கிறார்கள். விழுங்கினால் இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். எனவே வாய் கொப்பளிக்கும் நீராகவும் முரசினுள் இடும் களிம்பாகவும் இந்தியப் பல் மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். முரசு வீக்கத்தைக் குறைப்பதில், வைத்தியர்கள் வழக்கமாகத் தரும் குளோர்ஹெக்சிடின் கழுவுநீருக்கு மஞ்சள் நீர் பெரும்பாலும் ஈடுகொடுத்தது. ஆனால் இவை பெரும்பாலும் சிறு தொகையினரிடம், சில வாரங்களே நடந்தவை. வேம்பிலும் இவ்வாறே நல்ல குறிகள் தெரிகின்றன. கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜெனோல் வலியை மரத்துப்போகச் செய்யும். அம்மாமார் சும்மா சொல்லவில்லை!

இருந்தும் ஒன்றை மறக்கலாகாது. அந்த ஆய்வுகள் பலவற்றில் வைத்தியர் கல்லைச் சுரண்டி எடுத்த பின்னரே மஞ்சள் இடப்பட்டது. முரசின் அடியில் இறுகிய கல்லை எந்த மூலிகையும் கரைக்காது. வீக்கமும் இரத்தமும் நின்றபின் கல் உள்ளே இருக்குமானால், எலும்பு வலியின்றியே கரைந்துகொண்டிருக்கலாம். பல் ஆடும்போதுதான் தெரியவரும். இழந்த எலும்பு தானாகத் திரும்புவதில்லை.

கடைகளில் விற்கும் மஞ்சள் குளிசைகள் வேறு கதை. கறிக்கு இடும் மஞ்சளை விடப் பல மடங்கு செறிவானவை, சிலவற்றில் உறிஞ்சலைக் கூட்ட மிளகுச் சத்தும் உண்டு. ஈரல் பாதிப்பு ஏற்படக்கூடும் என அவுஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான டி.ஜி.ஏ. 2023 ஆகஸ்டில் எச்சரித்தது.

பெரியவர்களின் பல் வைத்தியச் செலவை மெடிகெயர் பொதுவாக ஏற்பதில்லை என்பதால்தான் நம் முதியோர் பலர் சமையலறையோடு நின்றுவிடுகிறார்கள். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக்கூடாதென்ற எண்ணமும் உண்டு. ஓய்வூதியச் சலுகை அட்டையோ ஹெல்த் கெயர் கார்டோ உள்ளவர்கள் நியூ சவுத் வேல்சிலும் விக்டோரியாவிலும் அரச பல் மருத்துவ நிலையங்களுக்குச் செல்லத் தகுதியுடையவர்கள். காத்திருக்க வேண்டிவரும், ஆகவே முரசில் இரத்தம் கண்டவுடனேயே பெயரைப் பதிந்துவிடுங்கள். போகும்போது, எடுத்துவரும் மருந்துகளின் பட்டியலையும் கொண்டு செல்லுங்கள். வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் மஞ்சள் குளிசையையும் அதில் எழுதவேண்டும்.