பாதி வழியில் பாதை மாறினால்

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு, படிப்பின் அமைப்பே மாறிவிட்டால் என்ன செய்வது? 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சிங்கப்பூரில் மாணவர் பலர் இக்கேள்வியை எதிர்நோக்கினர்.

யேல்-என்யூஎஸ் கல்லூரி 2013ஆம் ஆண்டு முதல் மாணவர்களைச் சேர்த்து வந்தது. அக்கல்லூரியை வேறொரு திட்டத்துடன் இணைத்துப் புதிய கல்லூரி ஒன்றைத் தொடங்கப்போவதாகச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் அறிவித்தது. எதிர்பாராத அறிவிப்பால் மாணவர்கள் வருந்தினர். பலர் மனுவில் கையொப்பமிட்டு விளக்கம் கேட்டனர். முடிவு மாறவில்லை. எனினும், ஏற்கெனவே சேர்ந்தவர்கள் அங்கேயே படிப்பை முடிக்க வழிசெய்யப்பட்டது. கடைசி அணியினர் 2025இல் பட்டம் பெற்றனர்.

இத்தகைய சூழலில் மாணவர்களுக்குப் பொதுவாக மூன்று வழிகள் இருக்கலாம். முதலாவது, பழைய அமைப்பிலேயே படித்து முடிப்பது. இதில் தேர்வில் தவறினாலோ விடுப்பு எடுத்தாலோ, அதே பாடம் மீண்டும் நடத்தப்படாமல் போகக்கூடும். இரண்டாவது, புதிய அமைப்புக்கு மாறுவது. மூன்றாவது, வேறு துறைக்கோ பல்கலைக்கழகத்திற்கோ செல்வது. இவ்விரண்டிலும், முடித்த பாடங்கள் அனைத்தும் கணக்கில் சேராமல் போகலாம். அதனால், படிப்புக் காலமும் கட்டணமும் கூடலாம்.

எனவே, முடிவெடுக்கும் முன் கல்வி ஆலோசகரைச் சந்திக்க வேண்டும். எந்தெந்தப் பாடங்கள் ஏற்கப்படும், எத்தனை பருவங்கள் கூடும், உபகாரச் சம்பளம் தொடருமா என்று கேட்க வேண்டும். பதிலை எழுத்து வடிவில் பெறுவது நல்லது. நண்பர்கள் செல்லும் வழி நமக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. பதறாத காரியம் சிதறாது.