இருப்புப்பாதையும் பெருவழியும்

நுழையும்முன்

புனேயிலிருந்து லோணாவளா செல்லும் மின்தொடர்வண்டியில் அமர்ந்து சன்னல் வழியே நோக்குவோர்க்குப் பழைய மும்பை–புனே நெடுஞ்சாலை பல இடங்களில் உடன் வருவது தெரியும். தாபோடி, காசர்வாடி, பிம்ப்ரி, சிஞ்ச்வட், ஆகுர்டி என நிலையங்கள் மாறினும் சாலை நெடுந்தொலைவு விலகுவதில்லை. இரண்டும் ஏன் இணைந்து செல்கின்றன? அதனால் ஊருக்கு விளைந்த நன்மை யாது, இடர் யாது? இவற்றை இப்பாடம் விளக்குகிறது.

மலை தந்த வழி

சஹ்யாத்ரி மலைத்தொடர் கொங்கணக் கடற்கரையையும் தக்காண மேட்டுநிலத்தையும் பிரித்து நிற்கிறது. மும்பையிலிருந்து புனே செல்வோர் அம்மலையை ஏறியே கடத்தல் வேண்டும். ஏறுதற்கு உரிய கணவாய்கள் சிலவே. அவற்றுள் ஒன்று போர் காட். வண்டிகள் செல்லத்தக்க சாலை அதன் வழியே 1830ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இருப்புப்பாதை வந்தபோது அதுவும் அக்கணவாயையே நாடியது. கண்டாலாவிலிருந்து புனே வரையிலான பாதை 1858இல் திறக்கப்பட்டது. மலையேற்றப் பகுதி முடிவுற மேலும் ஐந்து ஆண்டுகள் ஆயின. அதுவரை பயணிகள் மலையடிவாரத்தில் இறங்கி, பல்லக்கிலும் மட்டக்குதிரையிலும் ஏறி, மேலே வேறு வண்டியைப் பிடித்தனர். 1863இல் மலைப்பாதை திறக்கப்பட்டது. பாறையைக் குடைந்த அப்பணியில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் நோயாலும் விபத்தாலும் மாண்டனர்.

தமிழகத்திலும் இதற்கு ஒப்புமை உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியே இன்று சாலையும் இருப்புப்பாதையும் செல்கின்றன. அக்கணவாயை நோக்கிச் சென்ற பழைய வழி ஒன்றை, கோவைக்கு அருகே சுண்டக்காமுத்தூரில் உள்ள கல்வெட்டு 'இராசகேசரிப் பெருவழி' எனக் குறிக்கிறது. நிலம் இடங்கொடுக்கும் பக்கமே வழிகள் அமைகின்றன. கால்நடை வணிகர்க்கு உகந்த சரிவே பின்னர்த் தொடர்வண்டிக்கும் உகந்ததாயிற்று.

ஆலைகள் வந்தன

பவனா ஆற்றங்கரையில் அமைந்த சிஞ்ச்வட், மோரயா கோசாவி கோயிலால் அறியப்பட்ட ஊர். விடுதலைப் போராட்ட வரலாற்றில் இடம்பெற்ற சாபேகர் சகோதரர்களின் ஊரும் இதுவே. 1954இல் பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்னும் அரசு மருந்து நிறுவனம் தொடங்கப்பட்டது. 1960களில் மகாராட்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் இங்குத் தொழிற்பேட்டை அமைத்தது. வண்டிகள் செய்யும் பெரிய ஆலைகளும் அவற்றிற்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு பட்டறைகளும் பெருகின. இருப்புப்பாதையும் மும்பைத் துறைமுகத்துக்குச் செல்லும் சாலையும் அருகருகே இருந்தமை ஆலைகள் இவ்விடத்தைத் தேர்ந்தமைக்கு ஒரு காரணம். வேலை தேடிப் பல மாநிலத்தவரும் வந்தனர், தமிழரும் வந்தனர். இவ்வூர்களை இணைத்து 1970இல் நகராட்சி தோன்றியது. 1982இல் அது பிம்ப்ரி–சிஞ்ச்வட் மாநகராட்சியாயிற்று.

இச்சாலை அந்நாளில் நான்காம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி. புனே, கோலாப்பூர், பெல்காம், பெங்களூரு வழியாக அது சென்னையை அடைந்தது. சிஞ்ச்வட்டில் சாலையோரம் நின்ற தமிழ்த் தொழிலாளியின் முன்னே கிடந்தது அவர் மாநிலத்தின் தலைநகர்வரை செல்லும் வழியே.

ஊரைப் பிரித்த கோடு

நன்மை தந்த வழியே இடரும் தந்தது. பழைய ஊரும் கோயிலும் ஆறும் ஒருபுறம். ஆலைகளுள் பெரும்பாலன மறுபுறம். இடையே இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும். பணிக்குச் செல்வோர் நாள்தோறும் இரண்டையும் கடக்க வேண்டியதாயிற்று. நெடுந்தொலைவு செல்லும் சரக்குந்தும் பள்ளிக்குச் செல்லும் மிதிவண்டியும் ஒரே சாலையில் நெருங்கின.

இதற்கு மூன்று வகைத் தீர்வுகள் காணப்பட்டன. முதலாவது, தொலைவழிப் போக்குவரத்தைப் பிரித்தல். 2002இல் முழுமையாகத் திறக்கப்பட்ட மும்பை–புனே விரைவுச்சாலை ஊருக்கு வெளியே கிவளே அருகில் முடிகிறது. இரண்டாவது, ஊருக்குள் உள்ள சாலையையே பிரித்தல். நிக்டி முதல் தாபோடி வரை சாலை அகலப்படுத்தப்பட்டது. சந்திப்புகளில் நில்லாது செல்லும் வண்டிகளுக்குத் தனித்தளம் அமைக்கப்பட்டது. உள்ளூர் வண்டிகளுக்குப் பக்கச்சாலை விடப்பட்டது. இவ்வமைப்பைக் 'கிரேடு செப்பரேட்டர்' என்பர். மூன்றாவது, பலரை ஒருங்கே ஏற்றிச் செல்லுதல். 2018இல் இச்சாலையில் பேருந்துக்கெனத் தனித்தடம் தொடங்கப்பட்டது. 2022 மார்ச்சு 6 அன்று பிம்ப்ரியிலிருந்து புகேவாடி வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது. 2024இல் அது சுவார்கேட் வரை நீண்டது. நிக்டி வரை நீட்டிக்க 2023இல் ஒப்புதல் கிடைத்தது.

ஆயினும் நடப்போர் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சாலை அகலுந்தோறும் அதைக் கடக்கும் தொலைவும் மிகுகிறது. மேம்பாலம் வண்டிக்கு எளிது. முதியோர்க்கும் சுமை தூக்குவோர்க்கும் அதன் படிகள் கடினம். படி ஏற அஞ்சித் தண்டவாளத்தையே குறுக்கே கடப்போர் உயிரைப் பணயம் வைக்கின்றனர். அவ்வாறு கடத்தல் சட்டப்படி குற்றமுமாகும். எனவே ஒரு சாலையின் வளர்ச்சியை அளக்குங்கால், வண்டி எத்தனை நிமிடத்தில் ஊரைக் கடந்தது என்பதோடு, ஒரு மூதாட்டி எத்தனை நிமிடத்தில் அச்சாலையைக் கடந்தார் என்பதையும் சேர்த்தே அளத்தல் வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

இருப்புப்பாதை – தண்டவாள வழி
பெருவழி – நெடுஞ்சாலை
கணவாய் – மலைகளுக்கு இடைப்பட்ட வழி
சரக்குந்து – லாரி
ஒப்புமை – ஒத்திருத்தல்

இலக்கணம் அறிவோம்

இரும்பு + பாதை = இருப்புப்பாதை. 'இரும்பு' என்பதிலுள்ள மெல்லின மெய்யாகிய 'ம்', வல்லின மெய்யாகிய 'ப்' எனத் திரிந்தது. பின் வல்லினம் மிக்கது. குரங்கு + குட்டி = குரக்குக்குட்டி என்பதும் இவ்வாறே.

பயிற்சி

1. போர் காட் வழியே முதலில் அமைந்தது சாலையா, இருப்புப்பாதையா? ஆண்டுகளைக் குறிப்பிட்டு விடை எழுதுக.
2. சிஞ்ச்வட் பகுதியில் ஆலைகள் பெருகியமைக்குப் பாடம் கூறும் காரணம் யாது?
3. ஊருக்குள் நெருங்கிய போக்குவரத்திற்குக் காணப்பட்ட மூன்று தீர்வுகளைத் தொகுத்து எழுதுக.
4. பிரித்து எழுதுக: இருப்புப்பாதை, நெடுஞ்சாலை, அக்கணவாய்.
5. செயல்பாடு: உங்கள் பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி இவ்வூருக்கு எவ்வழியாக வந்தனர் எனக் கேட்டறிக. அவர்கள் கடந்த ஊர்களை வரிசைப்படுத்தி வரைபடம் ஒன்று வரைக.
6. உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் கடத்தற்கு அரிய இடம் எது? அதனைச் சீர்செய்ய வேண்டி மாநகராட்சி ஆணையருக்குக் கடிதம் எழுதுக.