கடைக் கட்டடமும் முதலீடே

சரக்கு வாங்கும்போது தரம் பார்க்கிறோம், எடை பார்க்கிறோம். அதை வைக்கும் கட்டடத்தை மட்டும் வாடகையை வைத்தே முடிவு செய்கிறோம். வெப்பத்தில் வெல்லம் இளகுவதும், ஈரத்தில் பருப்பு பூசணம் பிடிப்பதும், மின்கட்டணம் ஏறுவதும் பெரும்பாலும் கட்டடத்தால் வரும் நட்டங்கள். 'பசுமைக் கட்டடம்' என்று இன்று பேசப்படுவது இந்த நட்டத்தைக் குறைக்கும் வழிதான். அதற்கான பாடங்கள் நம் புதுச்சேரியிலேயே உள்ளன.

முதல் பாடம்: கோல்கொண்டா

அரவிந்தர் ஆசிரமத்தின் இவ்விடுதியை வடிவமைத்தவர் அந்தோனின் ரேமண்ட். 1930-களின் பிற்பகுதியில் தொடங்கி 1940-களில் கட்டி முடித்தார்கள். கம்பி கட்டிய கான்கிரீட் கட்டடமானாலும் ஏ.சி. இல்லாமலே உள்ளே குளுமையாக இருக்கும். காரணம் மூன்று. நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்ப்பதால் காலை, மாலை வெயில் குறுகிய பக்கங்களில்தான் விழுகிறது. கண்ணாடிக்குப் பதில், திருப்பி வைக்கக்கூடிய கிடைமட்டப் பலகைகள் காற்றை விட்டு வெயிலைத் தடுக்கின்றன. தளத்தின் மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள் பதித்து, இடையே காற்றுப் போக இடம் விட்டிருப்பதால் சூடு கீழே இறங்குவதில்லை.

இரண்டாம் பாடம்: வைசியாள் வீதி

இங்குள்ள பழைய வீடுகளின் முற்றம் சூடான காற்றை மேலே அனுப்புகிறது. கனத்த சுவர் வெயிலைத் தாங்குகிறது. தெருவோரத் தாழ்வாரமும் திண்ணையும் வழிப்போக்கருக்கும் நிழல் தருகின்றன. இன்டாக் அமைப்பின் முயற்சியில் புதுப்பிக்கப்பட்ட இவ்வீதிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. கடை முன் நிழல் இருந்தால் வாடிக்கையாளர் நிற்பார். மூட்டை தூக்கும் தொழிலாளியும் இளைப்பாறுவார்.

மூன்றாம் பாடம்: மழை

2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் நம்மைத் தாக்கியது. 2024 நவம்பர் இறுதியில் 'பெஞ்சல்' புயலின்போது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. இத்தகைய மழையில் ஒருவர் தம் கடையை மட்டும் நான்கு படி உயர்த்தினால், தண்ணீர் பக்கத்துச் சிறு கடைக்குள் புகும். அவர் நம்மிடம் கடனுக்குச் சரக்கு எடுப்பவராகவும் இருக்கலாம். அவர் முதல் நனைந்தால் நம் பாக்கியும் நனையும். ஆகவே வடிகால் வீதிக்கே பொதுவான காரியம்.

நாம் செய்யக்கூடியவை

1. மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு அடியுங்கள். தகரக் கூரைக் குடோனில் உச்சியில் காற்றுப் போக்கி வையுங்கள்.

2. மூட்டைகளைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்திப் பலகை மேல் அடுக்குங்கள். சுவரையும் ஒட்ட வேண்டாம்.

3. மாடி மழைநீரைத் தொட்டிக்கோ உறிஞ்சு குழிக்கோ விடுங்கள். நம்முடையது கடலோர ஊர். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் உள்ளே வரும்.

4. கடை முன் உள்ள சாக்கடையைச் சிமெண்ட் பூசி அடைக்காதீர்கள். தூக்கி எடுக்கும் மூடி போடுங்கள். அட்டையும் பிளாஸ்டிக்கும் பெரிய வாய்க்காலுக்குப் போகக் கூடாது.

5. வாடகைக் கடையில் கூரை உரிமையாளருடையது, கரண்டு பில் வாடகைதாரருடையது. கூரைச் செலவை எப்படிப் பகிர்வது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் ஒவ்வொரு வீதி வணிகரும் ஒருநாள் கூடித் தம் வடிகாலைப் பார்த்துவிட்டால், பெருஞ்செலவு மிச்சமாகும்.