மோரிஸ் மைனரின் பானெட்டுக்குள்

பழைய காடிக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் வெளிப் பெயிண்டை யாரும் நின்று பார்ப்பதில்லை. "பானெட்டத் தொறங்கண்ணே" என்பார்கள். குட்டு உடைவது அங்கேதான். வெளியே கண்ணாடி மாதிரி மின்னும் காடிக்கு உள்ளே ஒரே கறுப்பு ஸ்ப்ரே அடித்திருப்பார்கள். எஞ்சின் பிளாக், ரப்பர் குழாய், ஒயர், கிளிப் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அடி. புதிதாக அடித்த வாரம் நன்றாகத்தான் இருக்கும். அதன் பிறகு எங்கே எண்ணெய் கசிகிறது, எந்த ஒயர் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

லாபிஸில் நான் வைத்திருப்பது 1098 சிசி மோரிஸ் மைனர். ஒரு காலத்தில் தோட்டத்துக் கிராணிமார், டிரெசர்மார் ஓட்டிய ரகம். 1948-இல் அறிமுகமாகி, 1960 முடிவதற்குள் பத்து லட்சத்தைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் காடி இதுதான். வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் மனத்தில் வைத்திருந்தது பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர் படுத்திருக்கும் அகலமான எஞ்சின். கடைசியில் அமைந்தது நெட்டுக்குத்தான, ஒடுக்கமான எஞ்சின். அதனால்தான் பானெட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் அவ்வளவு காலியிடம். வேலை பார்க்க வசதி, ஆனால் அழுக்கையும் துருவையும் ஒளித்து வைக்க மறைவே கிடையாது. இந்தக் காடிக்கு உள்பக்கத் தகரம்தான் பாதி அழகு.

முதல் வேலை பெயிண்ட் இல்லை, கசிவு. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த தோட்டத்து மெக்கானிக் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "தம்பி, ஒழுகுற எஞ்சினுக்குப் பெயிண்டு அடிக்கிறது, வேர்வையோட பவுடர் போடுற கதை." இந்த எஞ்சினில் பார்க்க வேண்டிய இடங்கள் தெரிந்தவைதான். மேலே ராக்கர் கவர் கார்க் கேஸ்கெட், பக்கவாட்டில் இரண்டு டேப்பட் மூடிகள், முன்னால் டைமிங் கவர். ராக்கர் கவரில் ஒழுகினால் உடனே நட்டை இறுக்கத் தோன்றும். இறுக்க இறுக்க அந்த மெல்லிய தகரம் வளைந்து இன்னும் ஒழுகும். கவரைக் கழற்றி, விளிம்பைச் சமமான பலகையில் வைத்துப் பார்த்து, தட்டி நேராக்கி, புது கேஸ்கெட் போட்டு, கைக்கு இறுகிய பிறகு கொஞ்சமே கொஞ்சம் திருப்பினால் போதும். பின்பக்கம், கிளட்ச் அருகே ஒரு சொட்டு விழுந்தால் பதற வேண்டாம். அங்கே ரப்பர் சீல் கிடையாது. சுழலும் திருகு வரிதான் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. நிறுத்தியதும் ஒரு சொட்டு விடுவது அதன் பிறவிக் குணம்.

கழுவுவதற்கு முன்னால் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். இங்கேதான் பலருக்குக் குழப்பம். இந்தக் காடியில் பாடியோடு இணைந்திருப்பது பாசிட்டிவ் முனை. பழக்கதோஷத்தில் நெகட்டிவை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் தகரத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும். பாசிட்டிவையே முதலில் எடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, காயில், கார்புரேட்டர் வாய் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையால் கட்டிவிட்டு, எஞ்சின் ஆறியிருக்கும்போது மண்ணெண்ணெயும் பழைய பெயிண்ட் பிரஷ்ஷும் கொண்டு ஊறவைத்துத் தேய்ப்பதுதான் என் வழி. பட்டறைகளில் டீசல் ஊற்றுவார்கள். டீசல் படலம் போகவே போகாது, செம்மண் தூசி வந்து அதில் ஒட்டிக்கொள்ளும். செம்பனை லாரிகளுக்குப் பின்னால் ஓட்டும் எங்களுக்கு அது கட்டுப்படியாகாது. வாட்டர்ஜெட் வேண்டவே வேண்டாம். கீழே தகரத் தட்டு வைத்து வடிவதைப் பிடியுங்கள், அதை லோங்காங்கில் விடாதீர்கள்.

அழுக்கு போனதும் உண்மை தெரியும். மைனரில் பேட்டரி உட்காரும் தட்டு கேபினுக்கும் எஞ்சினுக்கும் நடுச்சுவரில் இருக்கிறது. வருஷக்கணக்காக ஆசிட் சொட்டி அங்கே தகரம் பொரிந்திருக்கும். சோடா மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வரும். நுரை நிற்கும் வரை ஊற்றிக் கழுவி, காயவிட்டு, பிறகுதான் சுரண்டல், துரு மாற்றி, பிரைமர். எங்கள் செகாமாட் வட்டாரம் 2023 மார்ச் வெள்ளத்தைக் கண்ட பகுதி. இங்கே பழைய காடி வாங்குபவர்கள் இந்த நடுச்சுவரின் மூலைகளில் விரலை விட்டு, காய்ந்த சேறு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பெயிண்ட் விஷயத்தில் என் கருத்து பிடிவாதமானது: அந்தக் காடி தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படி. உள்பக்கத் தகரம் பாடியின் நிறம். பிளாக்கும் ராக்கர் கவரும் பச்சை, சூடு தாங்கும் எனாமல். ரேடியேட்டருக்கு மங்கல் கறுப்பு, அதுவும் மெல்லிய ஒரே பூச்சு. தடிப்பாக அடித்தால் சூடு வெளியேறாது, ஜொகூர் வெயிலில் உடனே தெரிந்துவிடும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குச் சாதாரண பெயிண்ட் அடித்தால் முதல் ஓட்டத்திலேயே கருகி நாறும். ஒயர் பிரஷ் போட்டு அடுப்புக் கறுப்பு தேய்த்தால் போதும். குரோம் கவர், சிவப்பு சிலிக்கான் குழாய் எல்லாம் ரேஸ் காடிக்கு அழகு. கிராணி காடிக்கு வேஷம்.

எங்கள் ஊர் ஈரக்காற்றில் ஸ்ப்ரே பூச்சு வெளுத்துப் படலம் கட்டும். காலைப் பனி விலகிய பிறகு ஆரம்பித்து, மத்தியான மழைக்கு முன் முடித்துவிட வேண்டும். டிசம்பர், ஜனவரியில் நான் டப்பாவைத் தொடுவதே இல்லை.

பெயிண்ட் படக் கூடாத இடங்கள் இரண்டு. ஒன்று, எர்த் ஒயர் முறுக்கும் போல்ட்டும் அதன் அடித்தகரமும். அங்கே பூச்சு ஏறினால் அழகான காடி ஸ்டார்ட் ஆகாது. இன்னொன்று, எஞ்சின் எண் பொறித்த தட்டு. டைனமோ தாங்கிக்கு மேலே, பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும். பெயர் மாற்றப் போகும்போது புஸ்பகோம் வாகனச் சோதனையில் அந்த எண்ணைத்தான் தேடுவார்கள். டேப் ஒட்டி மறையுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை எஸ்யூ கார்புரேட்டர். அதன் அலுமினியக் குடுவையை மெட்டல் பாலிஷ் தொட்ட துணியால் தேய்த்தால், சாம்பல் பூத்த உலோகத்திலிருந்து வெள்ளி நிறம் எழும்பி வரும். அதோடு நிறுத்த வேண்டும். குடுவையின் உள்சுவரும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்த ஜோடி. உள்ளே பாலிஷோ சேண்ட் பேப்பரோ பட்டால் காற்று கசிந்து எஞ்சின் தடுமாறும். உள்ளே பெட்ரோல் தொட்ட துணி மட்டும். மூடும் முன் மேலே டேம்பர் எண்ணெய் ஊற்ற மறக்காதீர்கள்.

ஒயருக்குச் சோப்புத் தண்ணீர் நனைத்துப் பிழிந்த துணி. லூக்காஸ் ஒயரில் நிறம்தான் வரைபடம். பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை இக்னிஷன், நீலம் பெரிய விளக்கு, சிவப்பு சின்ன விளக்கு, கறுப்பு எர்த். கறுப்பு டேப்பால் முழுக்கச் சுற்றிவிட்டால் அடுத்து பழுது பார்ப்பவர் உங்களைச் சபிப்பார்.

ஆயுத பூஜைக்குக் காடிக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. அதில் குறை வைப்பதில்லை. ஆனால் பொட்டு ரேடியேட்டர் முகட்டிலும் பாடியிலும்தான், அலுமினியத்தில் இல்லை. குங்குமக் கறையை அதிலிருந்து எடுப்பது பெரும்பாடு. பூஜைக்காவது வருஷத்துக்கு ஒருமுறை பானெட் திறக்கிறார்களே என்று சிலரைப் பார்த்துச் சந்தோஷப்படுவேன். செம்பனைத் தோட்டத்துப் பக்கம் வீடு இருந்தால் அது போதாது. நான் சொன்ன அந்தக் காலியிடம் எலிக்குக் கூடு கட்டத் தோதானது, பழைய துணி சுற்றிய ஒயர் அதற்குப் பலகாரம். ஓட்டாவிட்டாலும் வாரம் ஒருமுறை திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.