நீர் மாத்திரையும் தங்கவயல் தொழிலாளரும்

உயர் இரத்த அழுத்தத்திற்கு வழங்கப்பெறும் மருந்துகளுள் விலை குறைந்தவையும், பயன் நெடுங்காலமாக மெய்ப்பிக்கப்பட்டவையும் சிறுநீர்ப் பெருக்கிகள் ஆகும். மக்கள் இவற்றை 'நீர் மாத்திரை' என்பர். எனினும், மருத்துவரைக் கேளாமல் நோயாளர் தாமாகவே நிறுத்திவிடும் மருந்துகளிலும் இதற்கு இடமுண்டு. அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கிறது, உடல் தளர்கிறது, கால் தசை இழுக்கிறது என்பன அவர்கள் கூறும் காரணங்கள். இக்குறைகளில் எவை தற்காலிகமானவை, எவை உண்மையில் கவனிக்கத்தக்கவை என்பதை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்குக் கோலார் தங்கவயல் ஏற்றதோர் எடுத்துக்காட்டு. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்களை மூடியது. அன்று முதல் தங்கவயல் குடும்பங்களின் பிழைப்பு பெரும்பாலும் இரயிலை நம்பியே உள்ளது. மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் புறப்பட்டு, பங்காரப்பேட்டை வழியாக ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குச் சென்று, இரவில் திரும்புகின்றனர். காவற்பணி, துப்புரவுப்பணி, கட்டடவேலை, ஆயத்த ஆடைத் தொழில் ஆகியவை இவர்களது தொழில்கள். வீட்டில் இருப்போரோ, பாதாளத்தில் உழைத்து முதுமை எய்திய முன்னாள் சுரங்கத் தொழிலாளர். காலையில் ஒரு நீர் மாத்திரை என்பது இவ்விரு சாராருக்கும் எளிய செய்தியன்று.

மருந்து செயற்படும் விதம்

சிறுநீரகம் வடிகட்டிய நீரிலிருந்து சோடியத்தைப் பெரும்பாலும் மீண்டும் இரத்தத்திற்கே அனுப்பிவிடுகிறது. தயசைடு வகை மருந்துகள் இம்மீட்பில் ஒரு பகுதியைத் தடுக்கின்றன. சோடியம் வெளியேறும்போது நீரும் உடன் செல்கிறது. குழாய்களில் ஓடும் இரத்தத்தின் அளவு குறைந்து அழுத்தம் தணிகிறது. இது முதல் கட்டம். சில வாரங்களில் உடல் இந்நிலைக்குப் பழகி, சிறுநீரின் அளவு ஏறத்தாழ முன்போல் ஆகிவிடுகிறது. ஆயினும் அழுத்தம் மீண்டும் ஏறுவதில்லை. இரத்தக் குழாய்கள் தளர்ந்து கொடுப்பதே அதற்குக் காரணம். ஆகவே சிறுநீர்த் தொல்லை பெரிதும் தொடக்க நாட்களுக்கு உரியது. இவ்வொரு செய்தியை மாத்திரை வழங்கும்போதே சொல்லியிருந்தால், பலர் அதைப் பாதியில் விட்டிருக்கமாட்டார்கள் என்பது எமது கருத்து.

இவ்விடத்து ஒரு குழப்பத்தையும் நீக்குதல் வேண்டும். பாதாளத் தூசியால் நுரையீரல் கெட்டு, அதன் விளைவாக இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்து, கால் வீங்கியவர்களுக்கு ஃபுரோசமைடு எனும் கடும் நீர் மாத்திரை தரப்படுவதுண்டு. சிலமணி நேரத்தில் மிகுதியான நீரை வெளியேற்றுவது அது. இரத்த அழுத்தத்திற்குரிய குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகியவை அத்தகையன அல்ல. பெயர் ஒன்றாயிருப்பதால், அண்டை வீட்டாரின் மாத்திரையைக் கடன் வாங்கி உண்பது பெருந்தவறு.

பயன் நிறுவப்பட்ட வரலாறு

தயசைடு வகையின் முதல் மருந்தாகிய குளோரோதயசைடு 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் வெளிவந்தது. அதற்கு முன் நீரை வெளியேற்றப் பாதரச ஊசிகளே போடப்பட்டன. 1967-இல் அந்நாட்டின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு, உயர் அழுத்தத்தை மருந்தால் குறைப்பது உயிரைக் காக்கும் என்பதை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டியது. அவ்வாய்வில் தயசைடுடன் சேர்க்கப்பட்ட ரிசர்பின், நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அவ்வேர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதை 1949-இல் மேலைநாட்டு மருத்துவர்க்கு எடுத்துரைத்தவர் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல்.

1991-இல் வெளியான மற்றோர் ஆய்வு முதியோருக்கு முக்கியமானது. 60 வயதிற்கு மேற்பட்ட 4,736 பேரிடம், குறைந்த அளவு குளோர்தாலிடோனில் தொடங்கிய சிகிச்சை பக்கவாதத்தை 36 விழுக்காடு குறைத்தது. ஐந்தாண்டுகளில் வெற்று மாத்திரை பெற்ற நூற்றுவரில் எட்டுப் பேருக்குப் பக்கவாதம் வந்தது. மருந்து பெற்றவர்களில் ஐவருக்கே வந்தது. 2002-இல் 33,357 பேரைக் கொண்ட ஆய்வில் விலையுயர்ந்த புதிய மருந்துகளோடு இதனை ஒப்பிட்டபோது, மாரடைப்பைத் தடுப்பதில் இது பின்தங்கவில்லை. இதயத் தளர்ச்சியைத் தடுப்பதில் ஆம்லோடிபினை விஞ்சியது.

தீமைகள்

1960-களிலும் 70-களிலும் 50, 100 மில்லிகிராம் என்ற அளவுகளில் இம்மருந்துகள் கொடுக்கப்பட்டன. இவற்றின் கெட்ட பெயரில் ஒரு பங்கு அக்காலத்தது. இன்று குளோர்தாலிடோன் 12.5 மில்லிகிராமில் தொடங்கப்படுகிறது. அளவு குறைந்தால் தீமையும் குறையும், முற்றும் மறையாது.

முதலாவது, பொட்டாசியக் குறைவு. தசை சோர்தல், கால் பிடிப்பு, கடுமையாயின் இதயத் துடிப்பு பிறழ்தல் ஆகியவை அதன் விளைவுகள். 2022-இல் வெளியான, 13,523 பேரைக் கொண்ட ஆய்வில் குளோர்தாலிடோனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சமமான பாதுகாப்பையே அளித்தன. பொட்டாசியக் குறைவு மட்டும் முன்னதில் சற்று மிகுதி. இரண்டாவது, சோடியக் குறைவு. இதுவே முதியோரிடம், குறிப்பாக மெலிந்த வயது முதிர்ந்த பெண்களிடம், நாம் அதிகம் அஞ்சவேண்டியது. மருந்து தொடங்கிய முதற்சில வாரங்களில் மயக்கம், தடுமாற்றம், பேச்சில் குழப்பம் தோன்றலாம். 'வயதாகிவிட்டது, புத்தி பிசகுகிறது' என்று வீட்டார் எண்ணிவிடுகின்றனர். பாட்டி கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பின்னரே இரத்தத்தில் உப்பின் அளவு பார்க்கப்படுகிறது.

யூரிக் அமிலம் கூடிக் கால் பெருவிரல் வீங்குதல், இரத்தச் சர்க்கரை சிறிது ஏறுதல், சில ஆண்களுக்கு ஆண்மைத் தளர்ச்சி ஆகியனவும் உண்டு. கடைசியாகக் கூறியதை எவரும் மருத்துவரிடம் சொல்வதில்லை, மாத்திரையைத்தான் நிறுத்துகின்றனர். மறுபுறம், இம்மருந்து சுண்ணாம்புச் சத்தைச் சிறுநீரில் வெளியேறாமல் காப்பதால், கால்சியக் கற்கள் மீண்டும் மீண்டும் தோன்றுவோருக்கு மருத்துவர்கள் இதனையே தருவதும் உண்டு.

தங்கவயலுக்கு உரியவை

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைக் கடந்தது. வியர்வையில் உப்பை இழந்த உடலுக்கு உப்பு தேவைப்பட்டது. மேலே வந்து அமர்ந்துவிட்ட உடலுக்கு அதே ஊறுகாயும் கருவாடும் தேவையில்லை. நாளொன்றுக்கு 5 கிராமிற்குக் குறைவான உப்பே போதுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உப்பைக் குறைத்தால் மாத்திரையின் பயன் கூடும். பொட்டாசிய இழப்பும் குறையும். கீரை, தக்காளி, வாழைப்பழம் ஆகியவை பொட்டாசியம் தருவன. சிறுநீரகம் பழுதுற்றோர் மட்டும் இவற்றை மருத்துவரைக் கேட்டே உண்ணவேண்டும். வெயிலில் கட்டடவேலை செய்வோரின் நிலை வேறு. அவர்கள் இன்றும் வியர்வையில் உப்பையும் நீரையும் இழக்கின்றனர். மாத்திரையும் சேரும்போது எழுந்து நிற்கையில் தலை சுற்றலாம்.

இரயில் பயணிகளின் இடர், மருந்தைக் காட்டிலும் வாழ்க்கை முறையைச் சார்ந்தது. பெண்களுள் பலர் கழிவறைக்கு அஞ்சித் தண்ணீர் அருந்துவதையே விட்டுவிடுகின்றனர். நீர் மாத்திரை உண்டு நீர் அருந்தாதிருப்பது சிறுநீரகத்திற்குக் கேடு. இவர்கள் மாத்திரையை விடியற்காலையில்தான் உண்ணவேண்டும் என்ற கட்டாயமில்லை. பிரிட்டனில் 21,104 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வு, இரத்த அழுத்த மருந்துகளைக் காலையில் உண்பதும் மாலையில் உண்பதும் மாரடைப்பு, பக்கவாதத்தைத் தடுப்பதில் ஒன்றே எனக் கண்டது. குளோர்தாலிடோனின் ஆற்றல் ஒரு நாளுக்கு மேலும் நீடிப்பது. வார விடுமுறை நாளில் தொடங்குதல், பணி முடிந்தபின் உண்ணுதல் போன்ற மாற்றங்களை மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளலாம்.

வலி மாத்திரையைப் பற்றியும் சொல்லவேண்டும். துளைப்பொறி பிடித்துத் தேய்ந்த முதுகுக்கும் மூட்டுக்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் ஆகியவற்றைக் கடையில் கேட்டு வாங்குவது வழக்கமாகிவிட்டது. இவை நீர் மாத்திரையின் பயனைக் குறைக்கும். டெல்மிசார்டானும் நீர் மாத்திரையும் சேர்த்து உண்பவர் இதனையும் சேர்த்தால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்க இடமுண்டு.

திட்டங்களும் பரிசோதனையும்

2017-இல் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி, ஆம்லோடிபின், டெல்மிசார்டான், குளோர்தாலிடோன் ஆகிய மூன்றையும் கொண்டு எளிய சிகிச்சை வரிசையை வகுத்தது. தமிழ்நாட்டின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல், தங்கவயலுக்கு அண்மையிலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்றது. கர்நாடக அரசின் 'கிருக ஆரோக்கிய' திட்டம் 2024-இல் கோலார் மாவட்டத்திலேயே தொடங்கி, 30 வயதிற்கு மேற்பட்டோரை வீடு தேடிச் சென்று பரிசோதித்தது.

மருந்து வீட்டு வாயிலுக்கு வரும்போது இரத்தப் பரிசோதனையும் உடன் வருதல் வேண்டும். சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் ஆகிய மூன்றையும் மாத்திரை தொடங்குமுன் ஒருமுறையும், இரண்டு முதல் நான்கு வாரங்களில் மறுமுறையும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பார்த்தல் போதுமானது. வீட்டிற்கு வரும் பணியாளர் அழுத்தமானியைக் கட்டுமுன், வேறு என்ன மாத்திரை கடையில் வாங்கினீர்கள் என்றும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா என்றும் கேட்கவேண்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்ட நாட்களில் நீர் மாத்திரையை நிறுத்திவைக்கலாமா என்பதை முன்னரே மருத்துவரிடம் கேட்டு, மாத்திரை அட்டையின் மேல் தமிழில் எழுதி ஒட்டிக்கொள்வது நலம். இரயிலில் சென்றுவிட்ட மகனோ மகளோ திரும்ப இரவாகும். அதுவரை வீட்டில் தனித்திருக்கும் முதியவர் அதைப் படித்து நடந்துகொள்ள முடியும்.