பத்துமலையில் 272 படிகள் சொன்ன பாடம்

கோலாலம்பூர்ல முதல் நாளே எனக்குக் கிடைச்ச பாடம் இது.

காலையில் ஊர் சுற்றக் கிளம்பினேன். முதலில் மகா மாரியம்மன் கோயில். 1873-இல் தோன்றியது. தைப்பூசத்துக்கு முருகனின் வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுவது இங்கிருந்துதான். அடுத்து, கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் நிற்கும் ஜாமெக் பள்ளிவாசல். 'சேறான சங்கமம்' என்பதுதான் இந்த ஊர்ப்பெயரின் பொருளாம்!

பிறகு கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறி, உச்சி வெயிலில் பத்துமலை போய்ச் சேர்ந்தேன். 42.7 மீட்டர் உயர முருகனைப் பார்த்ததும் ஒரே வேகம். "மதுரை வெயிலையே பார்த்தவன் நான்"னு நிற்காம ஏறினேன். பாதிப் படியில் கண் இருட்டிடுச்சு.

கூட ஏறிய ஒரு அம்மா கையைப் பிடிச்சு உட்கார வச்சாங்க. தண்ணி கொடுத்து, "மெதுவா ஏறுங்க தம்பி, முருகன் எங்கேயும் போயிட மாட்டாரு"ன்னாங்க.

வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். இங்கே காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை கொட்டும், சீக்கிரம் காயாது. மதுரைப் பழக்கம் கைகொடுக்கலை.

பத்துப் படிக்கு ஒருமுறை நின்று நின்று ஏறினேன். குகைக்குள் அவனைக் கண்டதும் கண் கலங்கிடுச்சு. இத்தனை நேரம் என் வீம்பைத்தான் பக்தின்னு நினைச்சிருக்கேன்.

போறவங்க காலையிலேயே ஏறிடுங்க. தண்ணி எடுத்துக்குங்க. தின்பண்டம் வெளியே தெரியவேண்டாம், குரங்கு பறிச்சிடும். தலை சுற்றினா உடனே உட்காருங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!